சேர் பொன். அருணாசலம்: மலைநாட்டார் மறந்த நண்பர்

(சனவரி 9ஆம் நாள் ஹட்டன் நகரில் கூடிய நினைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1924ஆம் ஆண்டில் இதே நாளில், தலயாத்திரை சென்றிருந்த மதுரை மாநகரில், சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள் இவ்வுலக வாழ்வை நீத்தார்கள். கொழும்பிலே பழைய பாராளுமன்ற வளாகத்தில் அவருக்குச் சிலை உண்டு. யாழ்ப்பாணத்திலே அவர் பெயரைச் சொல்லாத மேடை இல்லை. மலைநாட்டிலே அவருக்கு என்ன உண்டு? யாம் ஏறி இறங்கிய தோட்டப் பள்ளிக்கூடங்களில் ஒன்றின் சுவரிலேனும் அவர் படம் தொங்கக் கண்டோமில்லை. இக்கூட்டத்தைக் கூட்ட யாம் முயன்றபோது, எம்மோடு பல ஆண்டு தொழிற்சங்க வேலை செய்த நல்ல நண்பர் ஒருவரே, "அவர் கொழும்புச் சீமானல்லவா? அவருக்கும் நமக்கும் என்ன தொடர்பு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு விடை கூறும் பொருட்டே இன்று உங்கள் முன் நிற்கிறோம்.

விடையை எம் கந்தோரிலே நடந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து தொடங்க அனுமதி வேண்டுகிறோம்.

சென்ற ஆண்டு ஒரு நாள் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து மூதாட்டி ஒருவர் வந்தார். நாற்பது ஆண்டு கொழுந்தெடுத்துத் தேய்ந்த விரல்கள். பேரன் கைத்தாங்கலாக அழைத்து வந்திருந்தான். தகரப் பெட்டியொன்றிலிருந்து, துணியிற் பொதிந்த ஒரு காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "ஐயா, இது எங்க தாத்தா காலத்து உறுதி. இத வச்சி அந்த லயத்துக் காம்பராவயும் தோட்டத்தயும் எங்க பேருக்கு எழுதித் தரச் சொல்ல முடியுங்களா?" என்று கேட்டார்.

மடிப்புகளில் இற்றுப்போயிருந்த அக்காகிதத்தை மெல்ல விரித்தோம். ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது, தோட்டத்துத் துரையின் கையொப்பம் இருந்தது. இன்ன பெயருடைய ஆளையும் அவரைச் சேர்ந்தவர்களையும், அவர்கள் பேரில் நிற்கும் இவ்வளவு ரூபாய்க் கடனைக் கட்டினால் விடுவிக்கச் சம்மதம் என்பதே அதன் சாரம். அம்மூதாட்டி பாதுகாத்து வந்தது உறுதியன்று, துண்டு. தங்களுக்கு நிலம் தரும் என்று நம்பித் தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பம் பூட்டிவைத்திருந்த பத்திரம், அக்குடும்பத்தின் மூத்தவருக்கு எழுதப்பட்ட விலைச் சீட்டு. அதை அந்த அம்மையாருக்கு எப்படிச் சொல்வது? சட்டம் படித்த எமக்கு அன்று வாய் எழவில்லை. பேரன்தான் எம் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டான்.

இங்குள்ள இளைஞருக்காகத் துண்டு யாதென்று சற்று விரித்துரைத்தல் வேண்டும். கங்காணி தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குச் சென்று ஆள் சேர்ப்பார். முற்பணம் கொடுப்பார். கப்பற் கூலி, வழிச் சோறு, கம்பளி எல்லாம் கணக்கில் ஏறும். 1914ஆம் ஆண்டில் தலைமன்னாருக்கு இரயில் வருமுன், வடபாதை வழியாகக் காடு கடந்து மாத்தளை வரையில் நடந்தே வந்தார்கள். வழியிற் செத்தவர் போக மிஞ்சியவர்கள் மலையேறித் தோட்டத்திற் பெயர் பதிந்த அன்றே கடனாளிகள். வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால் கடன் தீரவேண்டும். கடன் இவ்வளவு என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு. அச்சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கங்காணி வேறு துரையிடம் செல்வார். அத்துரை பணத்தைக் கொடுத்து ஆட்களை எடுப்பார். பழைய கடன் தீர்ந்ததா? இல்லை. கடன் கொடுத்தவரே மாறினார். கடன் பிள்ளைகுட்டிகளோடு சேர்ந்து புதுத் தோட்டத்துக்கு நடந்தது. ஆட்களுக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில் துண்டின் தொகை ஏறியது. சந்தையில் மரக்கறி விலை ஏறுவது போல. நுவரெலியாக் கமக்காரர்களுக்கு இவ்வுவமை நன்கு விளங்கும்.

கடனுக்கு அஞ்சித் துண்டில்லாமல் ஓடிப்போனால்? அங்கேதான் சட்டம் வந்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். சேவை ஒப்பந்தம் பற்றியது என்று பெயர். வேலையாள் அறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கினாலும், வேலைக்கு வராதிருந்தாலும், சொல்லுக்கு அடங்காதிருந்தாலும் அது குற்றம். நீதவான் முன் நிறுத்தலாம். மூன்று மாதம் வரையிற் கடூழியச் சிறையிலிடலாம். துரை சம்பளத்தைக் கொடாமல் மாதக்கணக்கில் வைத்திருந்தாலோ, அது வெறும் சிவில் விவகாரம். தொழிலாளி வழக்கு வைத்து வாங்கிக்கொள்ளவேண்டியது. ஒரே ஒப்பந்தத்தின் ஒரு பக்கத்தை மீறினவனுக்கு விலங்கு, மறு பக்கத்தை மீறினவனுக்குக் கணக்குப் புத்தகம். பிற்காலத்துத் திருத்தங்கள் சிலவற்றைத் தளர்த்தின. சிறை மட்டும் அப்படியே நின்றது.

இனி அருணாசலம் அவர்களிடம் வருவோம்.

1853ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் நாள் கொழும்பிலே பெருஞ் செல்வக் குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் பொன்னம்பல முதலியார். தாய்மாமன் சேர் முத்துக்குமாரசுவாமி. தமையனார் சேர் பொன். இராமநாதன். கொழும்பு அக்கடமியிற் கற்று, அரசாங்கப் புலமைப் பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிறைஸ்ட் கல்லூரிக்குச் சென்றார். சட்டமும் படித்துப் பாரிஸ்டரானார். 1875ஆம் ஆண்டில் இலங்கைச் சிவில் சேவைக்கான போட்டிப் பரீட்சையிற் சித்தியெய்தி, அவ்வழியாக அச்சேவையிற் புகுந்த முதல் இலங்கையர் என்ற பெயரோடு நாடு திரும்பினார்.

1875 என்ற அந்த ஆண்டைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்திலும் அதுவரை, வேலையை விட்டுப் போன கூலியாளைச் சிறையிலிடும் சட்டம் இருந்தது. எசமான், வேலையாள் சட்டம் என்பர். ஆங்கிலத் தொழிற்சங்கங்கள் பல ஆண்டு போராடின. 1875ஆம் ஆண்டிலே பிரித்தானியப் பாராளுமன்றம் அதனை ஒழித்தது. அது முதல் அங்கே வேலையொப்பந்தத்தை மீறுவது பொதுவாகச் சிவில் விவகாரமே, சிறைக்குரிய குற்றமன்று. அதே ஆண்டிலேதான் அருணாசலம் ஆங்கிலச் சட்டத்தைக் கற்று முடித்துக் கொழும்பில் வந்திறங்கினார். இங்கே, அதே பிரித்தானிய முடியின் கீழ், அதே கொடியின் கீழ், அந்தச் சிறைச் சட்டம் மேலும் 47 ஆண்டு வாழ்ந்தது. லங்காஷயர் நெசவாளிக்குப் பொருந்தாதென்று அவர்கள் எறிந்த சட்டம் லிந்துலைக் கொழுந்துக்காரிக்குப் பொருந்தும் என்று வைத்துக்கொண்டார்கள். வெளிநாடு சென்று திரும்புபவர் பலர் அங்கிருந்து மேலங்கியையும் சுருட்டையும் கொண்டுவந்த காலத்தில், இந்த வேறுபாட்டைக் கண்ணுற்ற அறிவைக் கொண்டுவந்தவர் அருணாசலம்.

சிவில் சேவையிலே அவர் நீதவானாகவும் மாவட்ட நீதிபதியாகவும் பல ஊர்களிற் கடமையாற்றினார். தேசாதிபதி சேர் ஆர்தர் கோர்டன், மூப்பிற் பல வெள்ளையரைத் தாண்டி, அவரைப் பதிவாளர் நாயகம் பதவிக்கு உயர்த்தினார். சீரழிந்து கிடந்த காணிப் பதிவுக் கந்தோரை ஒழுங்கு செய்தார். இன்று உங்கள் பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் பதியப்படும் முறையில் அவர் கைபட்ட இடங்கள் பல. 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தினவரும் அவரே. இலங்கைத் தீவில் அன்று 35 லட்சத்து 65 ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட சனங்கள் இருந்தனர் என்று அக்கணக்குச் சொல்லிற்று. தோட்டச் சனங்களையும் ஆளாளாக எண்ணி எழுதிய புத்தகம் அது. செக்ரோலில் 'பேர்' என்றும் 'அரைப்பேர்' என்றும் வேலைநாளாக மட்டும் எண்ணப்பட்ட மக்களை, அவ்வாறு மனிதராக எண்ணின கை அவருடையது. எண்ணிக்கை மட்டும் யாரையும் வாழவைக்காது என்று சிலர் நகைப்பர். நகைக்கட்டும். குடியுரிமை இழந்த நாட்களிலே, தம் பாட்டனார் எங்கே எப்போது பிறந்தார் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதத்துக்கு அலைந்தவர்கள் அந்தக் கணக்கின் பெருமையை அறிவார்கள்.

அவருடைய நட்புகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமற் போகக்கூடாது. கேம்பிரிட்ஜ் நாட்களிலே எட்வர்ட் கார்ப்பென்டர் என்ற ஆங்கிலேயரோடு பழகினார். கார்ப்பென்டர் பாதிரி உத்தியோகத்தை உதறிவிட்டு ஏழைகளோடு வாழப்போனவர், எழுத்தாளர், சோசலிசவாதி. அருணாசலம் கொடுத்த பகவத் கீதை மொழிபெயர்ப்பே தம் நூலுக்கு வழிதிறந்தது என்று அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். 1890ஆம் ஆண்டிலே அவர் இலங்கைக்கு வந்து நண்பரிடம் தங்கினார். நண்பரின் குருவாகிய இராமசுவாமி என்ற தமிழ்ப் பெரியாரிடம் அமர்ந்து ஞானம் கேட்டார். இதோ நம் தலைக்குமேல் நிற்கும் சிவனொளிபாத மலையிலும் ஏறினார். அப்பயணத்தைப் பற்றி அவர் 1892ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலின் பெயரிலேயே அம்மலையின் பெயர் உண்டு. இன்று காலை ஹட்டன் இரயில் நிலையத்தில் யாத்திரிகர் கூட்டத்தைப் பார்த்தபோது எமக்கு அந்த ஆங்கிலேயரின் நினைவே வந்தது. அருணாசலம் மறைந்த பின், எண்பது வயது கடந்த கார்ப்பென்டர், நண்பர் தமக்கு எழுதிய கடிதங்களைத் தொகுத்து 1927ஆம் ஆண்டில் நூலாக்கினார். ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட நட்பு. ஆளும் இனத்தான் ஒருவனும் ஆளப்படும் இனத்தான் ஒருவனும் சமமாக அமர்ந்து பேசக்கூடும் என்பதை அருணாசலம் இளமையிலேயே அனுபவத்தில் அறிந்தவர். அவ்வாறு அறிந்தவருக்குத் துரையின் சொல்லே வேதம் என்ற மலைநாட்டு வழக்கம் எங்ஙனம் பொறுக்கும்?

1913ஆம் ஆண்டில் ஓய்வுபெற்றார். சேர் பட்டம் கிடைத்தது. வயது அறுபது. பணத்துக்குக் குறைவில்லை. திருவாசகத்தை ஆங்கிலத்திற் பெயர்த்துக்கொண்டு, வீட்டுத் தோட்டத்தில் உலாவிக்கொண்டு, காலத்தை இனிதே போக்கியிருக்கலாம். ஓய்வு பெற்றபின் அவர் செய்தவற்றைப் பாருங்கள். 1915ஆம் ஆண்டு சனவரியிலே இலங்கைச் சமூக சேவைச் சங்கம். கொழும்பு நகரத்துச் சேரிகளுக்கு வைத்திய உதவியும் தொழிலாளர் பிள்ளைகளுக்கு இரவுப் பாடசாலையும் கொண்டுசென்ற சங்கம் அது. 1917ஆம் ஆண்டு ஏப்பிரல் 2ஆம் நாள் நமது அரசியல் தேவைகள் பற்றி ஆற்றிய பேருரை. இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற இயக்கம். 1919ஆம் ஆண்டு டிசம்பரிலே இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைமை. அக்காங்கிரசை விட்டு அவர் 1921ஆம் ஆண்டில் மனம் நொந்து வெளியேறிய கதையையும், 1923ஆம் ஆண்டுத் தமிழ்ச் சங்கத்தின் கதையையும் இவ்விதழின் வாசகர் பலமுறை படித்திருப்பர். யாம் இன்று அதனை மீண்டும் சொல்லப்போவதில்லை. அவற்றின் நிழலிலே மறைந்துபோன வேறொரு நாளையே இங்கு எடுத்துக் காட்ட விரும்புகிறோம்.

அந்த நாள் 1919ஆம் ஆண்டு யூன் 25. தேசிய காங்கிரசு பிறப்பதற்கு ஏறக்குறைய ஆறு மாதம் முன்பு. அன்றுதான் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கம் நிறுவப்பட்டது. தலைவர் அருணாசலம். செயலாளர் பெரி. சுந்தரம். இப்பெயரை ஹட்டன் மக்கள் மறக்கலாகாது. சுந்தரம் அவர்கள் கண்டிச் சீமையிலே தோட்டத்துக் குடும்பமொன்றிற் பிறந்து, கண்டி திரித்துவக் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜிலும் கற்றுப் பாரிஸ்டரானவர். தலைவருக்கு அறுபத்தைந்து வயது. செயலாளருக்கு முப்பதுகூட நிரம்பவில்லை. ஒருவர் கொழும்பு மாளிகை. மற்றவர் தோட்டத்துப் பிள்ளை. இருவரும் ஒரே மேசையில் அமர்ந்தனர். சங்கத்தின் முதல் வேலை என்ன? அரிசி கொடுப்பதா? கம்பளி கொடுப்பதா? இரண்டுமில்லை. வேலையாளைச் சிறையிலிடும் பிரிவுகளை நீக்கவேண்டும், துண்டு ஒழியவேண்டும் என்பதே.

இங்கேதான் அருணாசலத்தின் கொடையின் தன்மை தெரிகிறது. கொடையாளர் என்றால் நம் மக்கள் மனத்தில் வருவது யார்? திருவிழாவுக்கு மணி வாங்கித் தந்தவர். மாரியம்மன் கோயிலுக்குச் சிமெந்து தந்தவர். வெள்ளம் வந்தபோது பாய் கொடுத்தவர். அவர்களை யாம் குறை சொல்லவில்லை. மண்சரிவு வந்த இரவில் பாயின் அருமை தெரியும். ஆனால் பாய் கொடுத்தவர் போனபின் லயம் அப்படியே நிற்கிறது. அருணாசலத்திடம் பணமும் இருந்தது, பணத்தையும் கொடுத்தார். அதைவிட அரிய ஒன்று அவரிடம் இருந்தது. தேசாதிபதி படிக்காமல் ஒதுக்கமுடியாத கையெழுத்து. இலண்டனில் உள்ள குடியேற்ற நாட்டு மந்திரி காரியாலயத்தில் அறியப்பட்ட பெயர். நாற்பதாண்டு அரசாங்கத்துக்குள் இருந்து கற்ற சட்ட நுணுக்கம். அவற்றைத் தமக்கு வாக்குத் தராத, தம் ஊரவரல்லாத, தம் பெயரைக்கூட அறியாத மக்களுக்காகச் செலவிட்டார். துரைமார் சங்கம் அந்நாளில் எவ்வளவு வலிது என்பதை அறிந்தவருக்கு இது சிறிய செலவாகத் தோன்றாது. அவர் உலாவிய விருந்து மண்டபங்களிலே அடுத்த நாற்காலியில் இருந்தவர்கள் தேயிலைக் கம்பெனிக்காரர்கள் அல்லவா?

1921, 1922ஆம் ஆண்டுகளிலே சட்டங்கள் திருத்தப்பட்டன. துண்டு ஒழிந்தது. சிறைத் தண்டனைப் பிரிவுகள் நீங்கின. அவர் இறப்பதற்குச் சுமார் இரண்டு ஆண்டு முன்பு அதனைக் கண்ணாற் கண்டார்.

இவ்வெற்றி முழுவதும் அவர் ஒருவராலேயே வந்தது என்று யாம் சொல்லோம். சாட்சியத்துக்கு மேல் வாதாடுவது எம் தொழிலுக்கு அழகன்று. இந்திய அரசாங்கம் அக்காலத்திற் பெரும் நெருக்குதல் கொடுத்தது. 1922ஆம் ஆண்டிலே அது புதிய குடிபெயர்வுச் சட்டம் இயற்றிற்று. தொழிலாளரை நன்கு நடத்தாத நாட்டுக்கு ஆள் அனுப்போம் என்று சொல்லும் அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. அதற்கு முன்பே தீனபந்து அன்ட்ரூஸ் 1914இல் தென்னாபிரிக்காவுக்கும் 1915இல் பீஜித் தீவுக்கும் சென்று கண்ட உண்மைகள் இந்தியா முழுவதையும் கொதிக்கச் செய்திருந்தன. பீஜியில் ஒப்பந்தக் கூலிமுறை 1920ஆம் ஆண்டின் முதல் நாளோடு முடிவுற்றது. உலகக் காற்றுத் திசை மாறிக்கொண்டிருந்தது. காற்று வீசினால் மட்டும் படகு நகருமா? பாய் கட்டினவர் யார் என்றால், இலங்கையைப் பொறுத்தவரையில் அருணாசலமும் பெரி. சுந்தரமும் அவர்களைச் சேர்ந்தவர்களுமே.

கட்டின பாயை அடுத்தவர்கள் அவிழ்க்கவில்லை. 1920களிலே தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசையர் புடைவை வியாபாரி வேடத்திலே தோட்டங்களுக்குள் புகுந்து நிலைமையை அறிந்தார். பின்னர் இதே ஹட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு தொழிற்சங்கம் கண்டார். 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1929ஆம் ஆண்டிலே மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று முதன்முறையாகக் குறைந்தபட்ச நாட்சம்பளம் சட்டத்தால் உறுதியாயிற்று. 1931ஆம் ஆண்டிலே பெரி. சுந்தரம் ஹட்டன் தொகுதியிலிருந்து போட்டியின்றி அரசாங்க சபைக்குச் சென்று, தொழில், கைத்தொழில், வர்த்தக மந்திரியானார். 1934ஆம் ஆண்டு வேலையாள் நட்டஈட்டுச் சட்டம் அவர் மந்திரியாயிருந்த காலத்தது. கவ்வாத்துக் கத்தி பட்டு விரல் போனவருக்கும், ஸ்டோர் இயந்திரத்திற் கை போனவருக்கும் யாம் இன்றைக்கும் நட்டஈடு கேட்டு எழுதும்போது மேற்கோள் காட்டுவது அந்தச் சட்டத்தையே.

அருணாசலத்தைத் தெய்வமாக்க யாம் வரவில்லை. அவர் வர்க்கத்தின் எல்லைகள் அவருக்கும் இருந்தன. ஏழைக்கு நீதி வேண்டும் என்றவர்கள் யாவரும் அந்நாளில் ஏழைக்கு வாக்கும் வேண்டும் என்று சொல்லவில்லை. அவர் தமையனாராகிய சேர் இராமநாதன், டொனமூர் ஆணைக்குழு சர்வசன வாக்குரிமையைச் சிபாரிசு செய்தபோது அதனை வன்மையாக எதிர்த்தவர். தம்பி அப்போது உயிரோடு இருந்திருந்தால் எப்பக்கம் நின்றிருப்பார் என்று கற்பனை செய்து தீர்ப்பளிக்க யாம் விரும்பவில்லை. செய்தது செய்தபடி ஏட்டில் இருக்கட்டும்.

எம் நண்பரின் கேள்விக்குள் இருந்த கசப்பை இப்போது தொடுவோம். அவர் கேட்டது உண்மையில் அருணாசலத்தைப் பற்றியது மட்டுமன்று. 1948ஆம் ஆண்டைப் பற்றியது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே இலங்கை இந்தியக் காங்கிரசு ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று. மறு ஆண்டு பிரசாவுரிமைச் சட்டம் வந்தது, அடுத்து இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் வந்தது, வாக்கும் போயிற்று. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்த ஏழு இடங்களும் இல்லை. அந்த இரண்டாவது சட்டத்துக்கு வாக்கெடுப்பு நடந்தபோது வடக்கு, கிழக்குத் தமிழ்ப் பிரதிநிதிகள் எல்லாரும் ஒரே பக்கத்தில் நின்றார்களா? இல்லை. சிலர் அரசாங்கத்தோடு நின்று கை உயர்த்தினார்கள். எதிர்த்து நின்றவர்களும் உண்டு, சா. ஜே. வே. செல்வநாயகம் தம் கட்சியைவிட்டுப் பிரிந்து 1949ஆம் ஆண்டு டிசம்பரிலே புதுக்கட்சி தொடங்கியதற்கு இதுவும் காரணம். ஆனால் மலைநாட்டு மக்கள் மனத்திலே பதிந்தது எதிர்த்த கையல்ல, உயர்ந்த கை. அதன் பின் 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு என்று இரு பிரதமர்கள் பங்கிட்டபோது, அம்மக்களிடம் ஒரு வார்த்தை கேட்டவர் எவருமில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்தே குடியுரிமைக் கதை ஒருவாறு முடிந்தது.

இக்கசப்பை யாம் மறைக்கவில்லை. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பின் நல்ல சாட்சியை மறைப்பவன் வழக்கில் தோற்பான். எனினும் 1919ஆம் ஆண்டு யூன் 25ஆம் நாளும் அதே ஏட்டில் உள்ள சாட்சியமே. 1977ஆம் ஆண்டுக் கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு ஓடிய மலைநாட்டுக் குடும்பங்களுக்குக் காந்தியம் என்ற அமைப்பு நிலமும் விதையும் கிணறும் தேடிக்கொடுத்தது. அதனை நிறுவிய வைத்தியர் இராஜசுந்தரம் 1983ஆம் ஆண்டு யூலையிலே வெலிக்கடைச் சிறையில் வைத்துக் கொல்லப்பட்டார். 2023ஆம் ஆண்டிலே, நம் மூதாதையர் வந்து இருநூறு ஆண்டு நிறைவை நினைந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்களோடு வழியெங்கும் மன்னார், வவுனியா மக்கள் நடந்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். எம் நண்பரும் மதவாச்சி வரையில் நடந்தார். கால் வீங்கித் திரும்பினார். வந்தபின் சற்று மெதுவாகப் பேசுகிறார்.

முடிக்குமுன் அந்த மூதாட்டியிடம் திரும்புகிறோம். துண்டைக் கொண்டு அவருக்கு நிலம் வாங்கித் தர எம்மால் இயலாது. ஆனால் அப்பெட்டியில் வேறு காகிதங்களும் இருந்தன. அவருடைய பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், தேசிய அடையாள அட்டையில் வேறு பெயர், செக்ரோலில் மூன்றாவது பெயர். எழுத்து ஒன்று கூடியும் குறைந்தும். தோட்டத்துக் கந்தோரில் யாரோ எழுதுவினைஞர் அவசரத்தில் எழுதியது. இதனால் அவருடைய ஊழியர் சேமலாப நிதிப் பணத்தில் ஒரு பகுதி பல ஆண்டுகளாக எடுக்கப்படாமற் கிடந்தது. ஒரு சத்தியக் கடதாசி, பதிவாளர் கந்தோரில் ஒரு திருத்த விண்ணப்பம், நான்கு முறை கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் அலைச்சல். ஏழு மாதத்திற் பணம் வந்தது. பணம் வந்த அன்று அவர் எமக்குக் கொண்டுவந்தது ஒரு பை போஞ்சிக்காய்.

இப்படிப்பட்ட பெட்டிகள் இம்மலைகளில் எத்தனை ஆயிரம் உண்டோ. ஏழு பேர்ச் காணியில் வீடு கிடைத்தும் உறுதி கைக்கு வராதவர்கள் உண்டு. இறந்த கணவரின் நிதியைப் பெற முடியாத விதவைகள் உண்டு. ஆகையால் எம்மோடு தொழில் செய்யும் நியாயவாதிகள் நால்வர் ஒன்றுகூடி ஒரு முடிவு செய்திருக்கிறோம். மாதத்தின் முதலாம், மூன்றாம் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஒன்பது மணி முதல் ஒரு மணி வரையில், எம் கந்தோரின் முன்னறையில் ஒரு மேசை போடப்படும். கட்டணமில்லை. முத்திரைச் செலவு உள்ளவர்கள் தரட்டும். இல்லாதவர்களுக்கு யாம் பார்த்துக்கொள்வோம். ஆசிரியர்களிடம் யாம் கேட்பது, படிவம் நிரப்ப ஆளுக்கு ஒரு ஞாயிறு. சிங்களத்தில் நன்கு எழுதத்தெரிந்தவர் இருவரேனும் கட்டாயம் வேண்டும். கந்தோர்க் கடிதங்களிற் பாதி அம்மொழியிலேயே வருகின்றன. லொறி வைத்திருக்கும் கமக்கார அன்பர்களிடம் கேட்பது, மரக்கறி இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும்போது, மேல்தோட்டங்களிலிருந்து வந்த முதியவர்களை ஏற்றிச் சென்று விடுதல்.

வரும்போது பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், அடையாள அட்டை, கடைசிச் சம்பளச் சீட்டு, சேமலாப நிதி இலக்கம் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். பெட்டியில் வேறு என்ன பழங்காகிதம் இருந்தாலும் எறிந்துவிடாமல் அதையும் எடுத்து வாருங்கள். மேசைக்கு மேலே சுவரில் அருணாசலம் அவர்களுடைய படமும் பெரி. சுந்தரம் அவர்களுடைய படமும் மாட்டப்படும். அவற்றுக்குச் சட்டம் போட்டுத் தருவதாகச் சொன்ன தச்சுத்தொழில் அன்பர் இக்கூட்டத்திலே பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார். வரும் ஞாயிற்றுக்கு முன் அவை வந்து சேரவேண்டும் என்பதை அவருக்கு இங்கிருந்தே நினைவூட்டுகிறோம்.